பணிய லயத்திலிருந்து கைலாயம் வரை

மாசி மாதம் இலங்கை மலையகத்தில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் போய், கைலாயம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கையை நீட்டிக் காட்டிவிடும். "அந்தா, கோயிலுக்கு மேல, பந்தல் கட்டியிருக்காங்கள்ள, அதுதான்." ரதி வீடு? பணிய லயத்து, அதாவது பள்ளத்துத் தொழிலாளர் வரிசைவீட்டு, கடைசிக் காம்பரா. காமன் எரியப்போகிற இடம்? கம்பம் நட்டிருக்கிற பொட்டல். எமன் எந்தப் பக்கமிருந்து வருவான்? அதற்கும் ஒரு குறுக்குப்பாதை இருக்கும். சாவுக்கு அப்பால் உள்ள உலகத்துக்கு இவ்வளவு துல்லியமாக வழி சொல்லும் ஊர்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

காமன் கூத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றுவார்கள். அன்று தொடங்கி முழுநிலவை ஒட்டிய நாள் வரை, இரவுக்கு இரவு கூத்து வளரும். சிவனுடைய தவத்தைக் கலைக்கக் காமன் போகிறான், நெற்றிக்கண்ணில் எரிகிறான், ரதி அழுது மன்றாடுகிறாள், காமன் மீள்கிறான், அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறவனாக. வேடம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருக்கிற தோட்டத்து ஆட்கள். பகலில் கவ்வாத்து மலையில் கத்தி பிடித்தவர் இரவில் வீரபத்திரன். ரதியும் ஆண்தான். தூதன் உண்டு, எமன் உண்டு, குறவன் குறத்தி உண்டு. பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டு என்று இன்று உலகெங்கும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிறார்களே, அதை இங்கே ஒரு தோட்டம் முழுவதையும் பலகையாக விரித்து ஆடுகிறார்கள். தூதன் ஓலை கொண்டு வரும்போது வாங்கி நிற்கிற கிழவியும் அந்த நேரத்துக்கு வானுலகத்துப் பிரஜைதான்.

இந்தப் பலகையில் என்னை முதலில் பிடித்து நிறுத்துவது அதன் ஏற்றம். உலகத்து மறுவுலகப் படங்களில் பல செத்தவனைக் கீழே அனுப்புகின்றன: பாதாளம், குகை, புனல், ஆழக் கிணறு. காமனோ சாவதற்கு மேலே ஏறுகிறான். மலைத் தோட்டத்தில் பந்தலை எங்கே போட்டாலும் ஒன்றுக்கொன்று மேடு பள்ளமாகத்தான் அமையும். சமதளம் என்று ஒன்று அங்கே கிடையாது. ஆனால் சிவனை உயரத்தில் வைத்து, ரதியின் வாசலைப் பள்ளத்தில் வைத்தவர்கள் மண்ணின் சாய்வைக் கதைக்குள் இழுத்துவிட்டார்கள். விரதத்தால் வாடிய உடம்போடு, சலங்கையும் கிரீடமும் சுமந்து, லயங்களுக்கு இடையே உள்ள கற்படியில் காமன் ஆடிக்கொண்டே ஏறும்போது அவனுக்கு மூச்சு வாங்கும். அந்த மூச்சை நடிக்கத் தேவையில்லை. பின்னால் இருட்டில் 2036 மீட்டர் உயரத்துக்கு நமுனுகுல மலை நிற்கும். அதைவிடப் பொருத்தமான கைலாயப் பின்திரையை எந்த ஓவியன் வரைந்துவிட முடியும்?

அடுத்த நயம் காதுக்கு. படம் என்றால் எல்லைக்கோடு வேண்டும். மண்ணில் கோடு போட்டால் இருட்டில் தெரியாது. அதனால் எல்லையைத் தப்புப் பறை வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு வேடத்துக்கும் ஒவ்வொரு அடி. தூதன் வரும் அடி வேறு, ரதி நடக்கும் அடி வேறு, வீரபத்திரன் பாயும் அடி வேறு. காம்பராவுக்குள் காய்ச்சலோடு படுத்திருப்பவருக்குக்கூட இப்போது பூலோகத்தில் நடக்கிறதா, தேவலோகத்தில் நடக்கிறதா என்று கேட்டே தெரியும். ஓர் உலகம் முடிந்து மறு உலகம் தொடங்கும் இடத்தைத் தாளம் மாறுவதால் அறிகிற படம் இது. இதைக் காகிதத்தில் வரைய நினைத்தால் நான் திணறிப்போவேன். எந்த நிறத்தைப் பூசுவது?

தோட்டத்துக்கு இன்னொரு படமும் உண்டு. அது ஆபீஸ் சுவரில் தொங்கும். மலைகளுக்கு அதில் நம்பர். ஒவ்வொரு நம்பருக்கும் பரப்பளவு. ஸ்டோர், பங்களா, பாதை, ஆறு எல்லாம் அளந்து வரையப்பட்டிருக்கும். லயங்கள் சின்னச் சின்னச் செவ்வகங்கள். அந்தப் படத்தைக் குறை சொல்ல மாட்டேன், அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் அதற்குள் வாழ்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இந்தியா, இலங்கை என்ற இரு நாடுகளுக்குமாகப் பங்கு பிரித்தது. எந்த நாட்டுப் படத்திலும் தங்களுக்கு இடம் உறுதியில்லாத அந்த ஆண்டுகளிலும் மாசி பிறந்தால் கம்பம் நட்டார்கள். தேவலோகம் எங்கே, பூலோகம் எங்கே என்று தங்கள் காலாலேயே குறித்தார்கள். துரைமாரிடம் அளவுச் சங்கிலி இருந்தது. இவர்களிடம் தப்பும் தீவட்டியும் இருந்தன. இந்த இரண்டாவது படத்தை நான் முதலாவதைவிடக் குறைவாக மதிக்கவே மாட்டேன்.

காமன் கூத்தின் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டியது அருச்சுனன் தபசு. காமன் கூத்து நிலத்தில் விரிந்த படம் என்றால் இது செங்குத்துப் படம். பாசுபத அஸ்திரம் வேண்டித் தவத்துக்குப் போகும் அருச்சுனனுக்காக ஓர் உயர்ந்த மரத்தை நட்டு, அதில் படிகள் அடித்துவைப்பார்கள். மரமே மலை. வேடம் கட்டியவர் படிக்குப் படி நின்று பாடி ஏறுவார். கதையில் இருக்கிற காடு, விலங்கு, குளிர், தனிமை எல்லாம் இரண்டு படிகளுக்கு இடையே உள்ள ஒரு முழ இடைவெளிக்குள் பாட்டாக அடங்கிவிடும். நிலப்படத்தில் ஓர் அங்குலத்துக்கு இத்தனை மைல் என்று எழுதுவார்களே, இங்கே ஒரு படிக்கு இத்தனை பாட்டு. உச்சியில் உட்கார்ந்தவர் பூவும் எலுமிச்சம்பழமும் திருநீறும் கீழே எறியும்போது, நிமிர்ந்து மடியேந்தி நிற்பவர்களுக்குத் தூரம் என்றால் என்ன என்று கழுத்து வலியிலேயே தெரிந்துவிடும்.

இந்தக் கூத்துகளை ஆடியவர்கள் வழி நடந்தவர்களின் வாரிசுகள். கோப்பிக் காலத்தில் மன்னாரில் கரையிறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். காய்ச்சலிலும் கழிச்சலிலும் அந்தப் பாதையோரம் விழுந்தவர்கள் கணக்கில்லை. பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல்தான். அதற்கு முன்பு பதுளை இருக்கும் ஊவாவுக்கு ஏறியவர்களுக்கு மாத்தளையோடும் கால்வலி முடியவில்லை. அப்படிப்பட்ட குடும்பங்களில் ஒரு சாவு விழுந்து, கருட புராணத்து எமவழிக் கதையை யாராவது எடுத்துச் சொன்னால், கேட்கிறவர்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த எமவழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தண்டனைப் பட்டியலுக்காகவே அந்தப் புராணத்தை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். கொதிக்கும் எண்ணெய்க்குக் கிடைத்த புகழ் அதன் பாதைக்குக் கிடைக்கவில்லை. எனக்கோ பாதைதான் பெரிது. எமனூருக்குத் தூரம் 86,000 யோசனை. செத்தவன் ஒரு நாளைக்கு 247 யோசனை நடக்கிறான். வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 348 நாள். ஆண்டுத் திவசத்துக்குச் சற்று முன்பாக ஆள் போய்ச் சேர்ந்துவிடுவான். வீட்டில் இருப்பவர்கள் மாதாமாதம் வைக்கும் பிண்டம் அவனுக்கு வழிச்சோறு. இடையில் தங்கிச் சாப்பிட 16 ஊர்கள். துக்கம் காக்கிற வீட்டின் நாள்காட்டியையும் போகிறவனின் நடையையும் ஒரே கணக்கில் பூட்டிவிட்டார் அதை எழுதியவர். இங்கே ஒரு கவளம் வைத்தால் அங்கே ஓர் ஊரில் ஒருவன் உட்கார்ந்து சாப்பிடுகிறான். எந்த வரைபடத்திலும் இவ்வளவு அன்பான அளவுகோலை நான் கண்டதில்லை.

ஊர்களும் வெறும் பெயர்களாக நிற்கவில்லை. முதல் ஊர் சௌமியபுரம். அங்கே புஷ்பபத்திரை என்ற ஆறு, கண்ணுக்கினிய ஓர் ஆலமரம். நரகத்துக்குப் போகிற வழியில் முதல் நிறுத்தமே நிழல் தருகிறது என்பதைக் கவனியுங்கள். அங்கே உட்கார்ந்துதான் அவன் பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்து அழுகிறான். அழுவதற்கு ஒரு மரம் வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்னும் போனால் விசித்திரபவனம். அதை ஆள்பவன் எமனுடைய தம்பி. அதைத் தாண்டினால் வைதரணி. ஆற்றங்கரையில் ஓடக்காரர்கள் நின்று, பசுதானம் செய்திருந்தால் ஓடத்தில் ஏறு என்கிறார்கள். கடைசிக்கு முந்திய ஊர் சீதாட்டியம், பனிமலையைவிட நூறு மடங்கு குளிர். மாசிப் பனியில் விடியற்காலை பிரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கிறவர்களுக்கு அந்த ஊரை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வழி முடிந்தால் எமனின் கணக்கர் சித்திரகுப்தன். காஞ்சிபுரத்தில் அவருக்குக் கோயிலே இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமி அவருக்குரிய நாள். தோட்டத்தில் பெயர் எழுதுவதும் பெயர் வெட்டுவதும் கணக்கப்பிள்ளை கையில் இருந்த காலத்தில், ஒரு கொழுந்துக்கூடையின் எடை செக்ரோல் பதிவேட்டில் சரியாக ஏறுமா என்று நெஞ்சு பதைக்க நின்றவர்கள் எத்தனை பேர்! ஓர் எழுத்தும் பிசகாத கணக்கு என்பது அவர்களுக்கு அச்சத்தை மட்டும் தந்திருக்காது, ஆறுதலையும் தந்திருக்கும்.

மறுவுலகத்தை அளந்து பார்க்கும் ஆசை புராணம் கேட்டவர்களோடு நிற்கவில்லை. இத்தாலியில் தாந்தே எழுதிய நரகத்தின் மீது காதல் கொண்டவர்கள் அதைப் படமாக்கத் தவித்தார்கள். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் போத்திசெல்லி தோல்தாளில் தீட்டிய நரகப் படம் இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. மனெத்தி என்ற புளோரன்ஸ்காரர் தாந்தேயின் நரகத்தின் அகலநீளங்களைக் கணக்கிட்டார். 1588இல், 24 வயதுக் கலிலியோ புளோரன்ஸ் கல்விக்கழகத்தில் அந்தக் கணக்கைப் பற்றி இரண்டு சொற்பொழிவுகள் செய்தார். அதில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். சாத்தானின் உயரம் எவ்வளவு என்று தாந்தே சொல்லவில்லை. ஆனால் ஓர் அரக்கனின் முகம் ரோமாபுரியில் உள்ள வெண்கலப் பைன்காயின் அளவு என்று சொல்லியிருக்கிறார். சாத்தானின் கைக்கு முன்னால் அரக்கர்கள் எம்மாத்திரம் என்றும் சொல்லியிருக்கிறார். பைன்காயை அளந்தால் முகம், முகத்திலிருந்து அரக்கன், அரக்கனிலிருந்து கை, கையிலிருந்து சாத்தான். கலிலியோ ஏணி போட்டு ஏறுவதுபோல் ஏறி, ஏறக்குறைய 2000 கைமுழம் என்று விடை சொன்னார். கவிஞர் விட்டுப்போன இடத்தைக் கவிஞரின் சொல்லைக் கொண்டே நிரப்புவது. ரசிகர் வரையும் படத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது.

அந்த இலக்கணத்தை நம் காலத்தில் கைக்கொண்டவர்கள், 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் ரசிகர்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட விளையாட்டு அது. பலகை கட்டாயமில்லை, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடையுருட்டிப் பேசிப்பேசி ஆடுவது. பாத்திரங்கள் சாகத்தானே செய்வார்கள்? செத்தால் எங்கே போவார்கள் என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிட்டது. 1977 ஜூலையில் 'தி டிராகன்' இதழில் கைகாக்ஸ் மேலுலகங்களையும் கீழுலகங்களையும் அடுக்கிக் காட்டினார். பத்து ஆண்டு கழித்து ஜெஃப் கிரப் அவற்றுக்குத் தனி நூலே எழுதினார். 1994இல் டேவிட் குக் உருவாக்கிய 'பிளேன்ஸ்கேப்' என்ற தொகுப்பு அந்த மறுவுலகங்களையே கதை நடக்கும் களமாக்கியது.

அதன் அமைப்பு ஒரு பெரிய சக்கரம். வட்டத்தைச் சுற்றி 16 உலகங்கள்: ஏழடுக்கு மலைச் சொர்க்கம், ஒன்பது அடுக்கு நரகம், எண்ணிறந்த தளங்கள் கொண்ட பாதாளம், பல்சக்கரங்கள் சுழலும் ஒழுங்கின் உலகம், எதுவும் உருவம் கொள்ளாத குழப்பத்தின் உலகம், இன்னும் பல. செத்தவர் தம் குணத்துக்கு ஒத்த உலகத்தில் போய்ப் புது உடம்பு எடுப்பார். பழைய நினைவு பெரும்பாலும் இராது. கீழுலகங்களின் ஊடே ஸ்டிக்ஸ் ஆறு ஓடுகிறது, அதன் நீர் பட்டாலே ஞாபகம் கரைந்துபோகும். சக்கரத்தின் நடுவே ஒரு பொதுநிலம். அதன் மையத்தில் முடிவில்லாத உயரத்துக்கு ஒரு கோபுரம். முடிவில்லாத கோபுரத்தின் உச்சியில் வளையம்போல் சுருண்ட ஒரு நகரம், பெயர் சிகில். முடிவே இல்லாததற்கு உச்சி எப்படி வந்தது என்று கேட்கக்கூடாது. அண்ணாந்து பார்த்தால் அந்த நகரம் தெரிகிறது, அவ்வளவுதான். அடிமுடி தேடிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் தடுமாற்றமே வராது.

இந்தக் களத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் வாசலூர்கள். பொதுநிலத்தின் விளிம்பில், ஒவ்வோர் உலகத்துக்கும் ஒரு வாசல்; ஒவ்வொரு வாசலைச் சுற்றியும் ஓர் ஊர். ஆக, இங்கேயும் 16 ஊர்கள். கருட புராணத்தை அந்த அமெரிக்கர்கள் பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எண் ஒத்துப்போனது தற்செயல். ஆனாலும் மறுவுலகம் என்றால் அதற்கு முன்னால் ஊர்கள் வேண்டும், சத்திரம் வேண்டும், ஆள் தங்க வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதான். வாசலூர்களின் நுட்பம் இதற்கு மேல் ஒரு படி போகிறது. எந்த உலகத்தின் வாசலில் இருக்கிறதோ அந்த உலகத்தின் சாயல் ஊரில் மெல்ல மெல்ல ஏறும். ஒழுங்கின் வாசலில் உள்ள ஆட்டமேட்டா என்ற ஊரில் எல்லாம் அட்டவணைப்படி, வீதிகள் நேர்நேராக. குழப்பத்தின் வாசலில் உள்ள க்ஸாவோஸ் ஊரிலோ ஊர்ப் பெயரின் எழுத்துகளே இடம் மாறிக்கொண்டிருக்கும். சாயல் முற்றிப்போனால் ஊர் அப்படியே வழுக்கி, வாசலுக்கு அப்பால் போய்விடும். 1999இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' என்ற கணினி விளையாட்டில், துரோகிகளும் நாடுகடத்தப்பட்டவர்களும் வாழும் கர்ஸ்ட் என்ற வாசலூர் அப்படித்தான் சிறையுலகத்துக்குள் விழுந்துபோகிறது.

நரகத்துக்கு ஆட்களைத் தள்ளுவது எல்லாப் புராணத்திலும் உண்டு. ஓர் ஊரே தன் பழக்கத்தால் கனத்து, இருந்த இடத்திலிருந்து மண்ணோடு சரிந்து நரகத்தின் பகுதியாகிவிடும் என்ற கற்பனை எனக்குப் புதிது. மண் சரிவை அறிந்த மலைநாட்டு வாசகருக்கு அதைப் படிக்கும்போது உள்ளங்கால் கூசும்.

'பிளேன்ஸ்கேப்' வெளியீடு 1998இல் நின்றது. மறுபடி அந்தப் பெயரில் புதிய தொகுப்பு வந்தது 2023இல். இடைப்பட்ட 25 ஆண்டுகள் அந்த உலகத்தை அணையாமல் வைத்திருந்தவர்கள் ரசிகர்கள். பதிப்பாளர் விட்டுப்போன ஊர்களுக்குத் தெரு போட்டார்கள். ஓர் உலகத்தின் இன்ன மூலையிலிருந்து இன்னோர் உலகத்தின் இன்ன மூலைக்கு வழி உண்டு என்று நூல்களில் ஆங்காங்கே சிதறிக் கிடந்த குறிப்புகளைத் தேடி எடுத்துக் கோடிட்டு இணைத்தார்கள். எல்லையற்ற நிலத்துக்கு அளவுகோல் வைக்க முடியாது. அதனால் நல்ல ரசிகர் படங்களில் தூரத்துக்குப் பதிலாக வழித்துணைச் செய்திகள் இருக்கும்: இங்கே ஆற்றைக் கடக்க ஓடக்காரனுக்குக் கூலி, இங்கே வாசல் திறக்க இன்ன பொருள் கையில் வேண்டும், இந்தத் தெருவில் இரவில் நிற்காதே. ஆடியவர்கள் வரைந்தவை என்பது இந்தக் குறிப்புகளில் தெரியும். அவர்களுடைய பாத்திரம் ஒன்று அந்தத் தெருவில் நின்று செத்திருக்கும். சிகில் நகரத்துப் படங்களில் இன்னும் ஒரு சிறப்பு. அந்த நகரத்தை ஆளும் தலைவி நினைத்தால் தெருக்கள் இடம் மாறும் என்பது கதை. படம் நிலைக்காது என்று தெரிந்தே வரைகிறார்கள். மாசி முடிந்து பந்தலைப் பிரித்து, அடுத்த ஆண்டு வேறு பொட்டலில் கைலாயத்தைக் கட்டும் தோட்டத்து இளைஞர்களும் இவர்களும் சந்தித்தால் நிறையப் பேசுவார்கள்.

இத்தனையையும் சொல்லிவிட்டு நம் பரமபத சோபன படத்துக்கு வராமல் இருக்க முடியாது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கத் தாயக்கட்டை உருட்டி ஆடும் அந்தப் படம்தான், மறுவுலக வரைபடமும் விளையாட்டுப் பலகையும் ஒன்றேயான பொருள். கீழே பன்றியும் குரங்கும் பறவையும், மேலே தேவர்களும் முனிவர்களும், உச்சியில் பெருமாள். காய் என்பது நீங்கள்தான், உங்கள் உயிர். திபெத்தில் சாக்கிய பண்டிதர் (1182 - 1251) பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மறுபிறப்பு விளையாட்டு உண்டு. சமணர்களுக்கு 84 கட்டப் பலகை, சூஃபிகளுக்கு இறைவனின் அரியணையை உச்சியில் வைத்த பலகை. இங்கிலாந்துக்குப் போனபோது இது குழந்தைகளின் பாம்பும் ஏணியும் ஆனது. கட்டங்களில் இருந்த உலகங்கள் உதிர்ந்து எண்கள் மட்டும் மிஞ்சின. பதுளைக் கடைகளில் லூடோ அட்டையின் மறுபக்கமாக வந்து சேர்ந்தது அந்த வெறும் எண் படம்தான். அதை எடுத்து வைத்துக்கொண்டு, எண் இருக்கும் இடத்தில் பழைய உலகங்களை எழுதிப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

தமிழ்நாட்டில் கிடைக்கும் அச்சுப் படங்களில் கட்டங்கள் நூற்றைத் தாண்டும். நான் எழுதிப் பார்ப்பதற்கு எடுத்துக்கொள்வது வடநாட்டுப் பலகை ஒன்று. ஹரீஷ் ஜோஹரி 1970களில் நூலாக விளக்கி எழுதியது. 72 கட்டங்கள், ஒன்பது ஒன்பதாக எட்டு வரிசை. ஏர் உழுவதுபோல் ஒரு வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். இதில் வைகுண்டம் 72ஆம் கட்டம் என்றுதான் யாரும் நினைப்போம். இல்லை. 68. உச்சி வரிசையை எண்ணிப் பாருங்கள்: 64 முதல் 72 வரை ஒன்பது கட்டம், நட்டநடு 68. அதற்கு ஒரு பக்கம் 67இல் ருத்திரலோகம், மறுபக்கம் 69இல் பிரம்மலோகம். கருவறையில் மூலவரை வைப்பதுபோல் நடுவில் வைத்திருக்கிறார்கள். மூலையில் வைத்திருந்தால் எல்லாரும் ஒருநாள் வந்து முட்டித்தான் ஆகவேண்டும். நடுவில் வைத்ததால் தாண்டியும் போய்விடலாம்! கடவுளைக் கடந்து போய்விடக்கூடிய வரைபடம் இது.

பாம்புகளும் சும்மா போட்டவை அல்ல. ஏழாம் வரிசையின் கடைசிக் கட்டம் 63, தமஸ். இன்னும் ஒரே ஒரு கட்டம் போனால் உச்சி வரிசை. அந்த வாசற்படியில் வாய் திறந்திருக்கும் பாம்பு உங்களை 2ஆம் கட்டத்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கே இருப்பது மாயை. பலகையிலேயே மிக நீண்ட வீழ்ச்சி அதுதான். ஏணிகளில் மிக நீண்டது எங்கே தொடங்குகிறது என்று தேடினேன். தவத்தில் இல்லை. தவத்தின் ஏணி 10இலிருந்து 23இல் சொர்க்கம் வரைதான் போகிறது. ஞானத்தின் ஏணி 37இலிருந்து 66க்கு, ஆனந்தத்துக்கு. எல்லாவற்றிலும் நெடிய ஏணி இரண்டாவது வரிசையில், 17ஆம் கட்டத்தில், தயையில் நிற்கிறது. கீழ்மட்டத்தில் உழலும் ஒருவன் இரக்கப்பட்டுவிட்டால், 52 கட்டங்களைத் தாண்டி ஒரே மூச்சில் பிரம்மலோகத்தில் நிற்கிறான்.

ஆனால் பிரம்மலோகம் 69. வைகுண்டத்தைத் தாண்டியாகிவிட்டது. திரும்பி ஒரு கட்டம் பின்னால் வர வழியில்லை. 70 சத்துவம், 71 ராஜசம், 72 தாமசம் என்று முக்குணங்களின் வழியே முன்னால்தான் போக வேண்டும். 72இல் ஒரு பாம்பு. அது 63இன் பாம்பைப்போல் ஆளை அடிமட்டத்துக்கு இழுத்துப்போவதில்லை, 51இல் இறக்கிவிடுகிறது. 51 பூமி. அதே வரிசையில் மூன்று கட்டம் தள்ளி, இடது ஓரத்தில் 54 இருக்கிறது: பக்தி. அங்கிருந்து ஓர் ஏணி நேரே 68க்கு. பிரம்மலோகத்திலிருந்து வைகுண்டத்துக்குப் போக இந்தப் பலகையில் உள்ள வழி பூமி வழியாகத்தான். விழுந்தவன் மூன்று போட்டால் போதும்.